பொய்க் கண்ணீரின் விலை

பணத்தைத் திருடுகிறவனுக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. நகையைத் திருடுகிறவனைப் போலீஸார் தேடிப் பிடிப்பார்கள். மனிதர்களின் இரக்கத்தைத் திருடுகிறவனுக்கு என்ன தண்டனை? இல்லாத வியாதியை இருப்பதாக எழுதி, படாத பாட்டைப் பட்டதாக எழுதி, படிக்கிறவர்களை அழவைத்துப் பெயரும் புகழும் தேடிக்கொள்ளும் எழுத்தாளர்கள் உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய தொகை சிறிது. அவர்களால் விளையும் கெடுதலோ பெரிது.

'கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு' என்பது பழமொழி. ஆனால் இந்த வகைப் புளுகுக்கு மட்டும் ஆயுசு கெட்டி. சில மாதங்கள், சில சமயம் வருஷக்கணக்கில்கூட அது நின்று விளையாடுகிறது. காரணம் தெளிவானது. கடன் கேட்டு வருகிறவனை நாலு கேள்வி கேட்கலாம். சாமான் விற்க வருகிறவனை நாற்பது கேள்வி கேட்கலாம். அழுதுகொண்டு வருகிறவரைக் கேள்வி கேட்பது அநாகரிகம் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். நல்லவர்களிடம் உள்ள இந்த நாகரிகந்தான் மோசக்காரர்களுக்கு முதல்.

முன்பெல்லாம் இப்படி ஏமாற்றுவதற்குப் புத்தகம் எழுத வேண்டும். அதை வெளியிடப் பிரசுரகர்த்தர் ஒருவர் அகப்பட வேண்டும். இன்று கையில் ஒரு கைபேசி இருந்தால் போதும். இணையத்தின் வழியாகப் பல தேசத்து ஜனங்களின் உள்ளத்தை ஒரே இரவில் உருக்கிவிடலாம். இதனால் நேர்வது என்ன என்பதை உலகம் ஒரு முறை நன்றாகவே பார்த்தது.

டமாஸ்கஸ் நகரத்துப் பெண்

2011-ஆம் வருஷம் அரபு நாடுகளில் மக்கள் கிளர்ச்சி பரவிய சமயம். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சிரியாவிலும் கிளர்ச்சி மூண்டது. அப்போது ஆட்சியில் இருந்த பஷார் அல் அஸாத்தின் அரசாங்கம் அதைத் துப்பாக்கி முனையில் அடக்க முற்பட்டது. வெளிநாட்டு நிருபர்களுக்கு நாட்டுக்குள் சுதந்திரமாக நடமாட வழியில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய உலகம் தவித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தவிப்புக்கு மருந்துபோல் வந்து சேர்ந்தது 'அமீனா' என்ற பெண்ணின் எழுத்து. தகப்பனார் சிரியாக்காரர், தாயார் அமெரிக்கர் என்றும், தான் டமாஸ்கஸ் நகரில் வசிப்பதாகவும், பெண்களையே நேசிக்கும் இயல்பு கொண்டவள் என்றும் அந்தப் பெண் எழுதினாள். பிப்ரவரி மாதம் முதல் அவளுடைய நாட்குறிப்பு இணையத்தில் வெளிவந்தது. ஏப்ரல் மாதக் கடைசியில் அவள் எழுதிய ஒரு சம்பவம் எங்கும் பரவியது. தன்னைக் கைது செய்ய இரவில் இரண்டு ரகசியப் போலீஸார் வீட்டுக்கு வந்ததாகவும், வயதான தந்தை குறுக்கே நின்று, வார்த்தைகளாலேயே அவர்கள் வெட்கித் திரும்பும்படி செய்ததாகவும் அதில் எழுதியிருந்தாள். படித்தவர்கள் கண் கலங்கினார்கள். லண்டனிலிருந்து வெளியாகும் 'கார்டியன்' போன்ற பிரசித்தி பெற்ற பத்திரிகைகூட அவளைப் பற்றி எழுதியது. பேட்டி என்னவோ மின்னஞ்சல் வழியாகத்தான் நடந்தது.

ஜூன் 6-ந் தேதி இடி விழுந்ததுபோல் ஒரு செய்தி வந்தது. ஆயுதம் தாங்கிய மூன்று பேர் நடுத்தெருவில் அமீனாவைப் பிடித்துக் கொண்டு போய்விட்டார்கள் என்று, அவளுடைய உறவுக்காரப் பெண் என்று சொல்லிக்கொண்ட ஒருத்தி எழுதினாள். அவளை விடுதலை செய்யக் கோரி ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் ஒன்று திரண்டனர். அமெரிக்க வெளிவிவகார இலாகாவே விசாரிக்க ஆரம்பித்தது. கனடாவில் இருந்த ஒரு பெண்மணியின் நிலை இன்னும் பரிதாபம். பல மாதங்களாக அமீனாவுடன் கடிதப் போக்குவரத்து வைத்து, அவளையே தன் அன்புக்கு உரியவளாகக் கருதியிருந்த அந்த அம்மையார், சிறையில் அவள் என்ன பாடு படுகிறாளோ என்று துடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறந்தான் ஒவ்வொருவராகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்கள். அமீனாவை நேரில் கண்டவர் யார்? ஒருவரும் இல்லை. குரலைக் கேட்டவர்? ஒருவரும் இல்லை. அவளுடையதென்று பத்திரிகைகளில் வந்த புகைப்படம், லண்டனில் வசித்த குரோஷியா தேசத்துப் பெண் ஒருவருடையது. அவருக்கு அமீனா யார் என்றே தெரியாது! அமீனா முன்பு ஒரு சமயம் கொடுத்திருந்த அஞ்சல் விலாசத்தைத் தேடிக்கொண்டு போனால், அது அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டது. கடைசியில் ஜூன் 12-ந் தேதி உண்மை வெளிவந்தது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த டாம் மக்மாஸ்டர் என்ற நாற்பது வயது அமெரிக்கர், 'அமீனா நான்தான்' என்று ஒப்புக்கொண்டார். மனைவியுடன் துருக்கிக்கு உல்லாசப் பயணம் போயிருந்த இடத்திலிருந்து அவர் இதை அறிவித்தார். கடத்தப்பட்டவளும் அவரே, கடத்தப்பட்டதாகச் சேதி சொன்ன உறவுக்காரியும் அவரே.

இந்த நாடகத்துக்குள் இன்னொரு நாடகமும் இருந்தது. அமீனாவை எழுத ஊக்கி, அவளுடைய எழுத்தை முன்பு வெளியிட்டு வந்த ஓர் இணையப் பத்திரிகையின் பெண் ஆசிரியர் என்று பெயர் பெற்றிருந்தவரும் பெண் அல்லவாம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆண்! அடுத்த நாளே அதுவும் வெளியாயிற்று. பெண் வேஷம் போட்ட இரண்டு ஆண்கள், எதிரில் இருப்பவரும் வேஷக்காரர் என்று அறியாமலே, ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நஷ்டம் யாருக்கு?

தாம் எழுதியதில் குரல் மட்டுமே கற்பனை, சிரியாவைப் பற்றிச் சொன்ன விவரங்கள் உண்மை, ஆகவே யாருக்கும் தீங்கு இழைத்ததாகத் தாம் கருதவில்லை என்று மக்மாஸ்டர் முதலில் சமாதானம் சொன்னார். ஓர் அமெரிக்கன் பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை, அரபுப் பெயரில் பேசினால் கேட்கிறார்கள் என்பது அவர் கூறிய காரணம். இது கேட்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கலாம். ஆனால் சிரியாவுக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உண்மையை எழுதி வந்தவர்களுக்கு இது சாமர்த்தியமாகத் தோன்றவில்லை. அமீனா பிடிபட்டதாகச் செய்தி வந்ததும் அவளைத் தேடி விசாரித்தவர்களில் சிலர், அதனால் தங்கள் மீதே போலீஸாரின் பார்வை விழக்கூடிய ஆபத்தைத் தேடிக்கொண்டவர்கள். இல்லாத ஒருத்திக்காக இருக்கிறவர்கள் ஆபத்தில் இறங்கினார்கள். அவர்கள் கோபித்ததில் வியப்பில்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அந்த வாரத்தில் சிரியாவின் சிறைகளில் மெய்யாகவே அடைபட்டுக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். உலகத்தின் கண் அவர்கள் மீது திரும்பவில்லை. அமீனாவின் மீது இருந்தது. மனிதனுக்குள்ள கவனமும் இரக்கமும் அள்ள அள்ளக் குறையாத பொக்கிஷம் அல்ல. ஒரு நாளில் ஒருவர் எத்தனை பேருக்காக வருந்த முடியும்? பொய்யான ஒரு துயரத்துக்குப் போய்ச் சேரும் இரக்கம், மெய்யான ஒரு துயரத்தின் வாசலைத் தாண்டித்தான் போகிறது. அதற்குப் பிறகு 'என்னைப் பிடிக்க வருகிறார்கள்' என்று நிஜமான ஒரு பெண் எழுதினால், 'இவளும் இன்னொரு அமீனாவோ?' என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். 'புலி வருகிறது' என்று விளையாட்டுக்குக் கத்திய பையனின் கதையில், கத்தியவனே புலிக்கு இரையானான். இங்கேயோ கத்துகிறவன் ஒருவன். புலி அடிப்பது வேறொருவரை.

நோயை விற்றவர்

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிட மோசம். பெல் கிப்சன் என்ற இளம்பெண் தமக்கு மூளையில் புற்றுநோய் வந்திருப்பதாகச் சொன்னார். ஆஸ்பத்திரி வைத்தியத்தை விட்டு, பத்தியச் சாப்பாட்டாலும் இயற்கை முறைகளாலும் உயிர் பிழைத்து வருவதாக இணையத்தில் எழுதினார். 2013-இல் சமையல் குறிப்புகள் அடங்கிய ஒரு கைபேசிச் செயலியை விற்பனைக்கு விட்டார். 2014-இல் புத்தகமும் வந்தது. வருமானத்தில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போகிறது என்றும் அறிவித்திருந்தார்.

2015 மார்ச்சில் மெல்போர்ன் பத்திரிகை நிருபர்கள் கணக்குக் கேட்டார்கள். தர்ம ஸ்தாபனங்களைப் போய் விசாரித்தால், சொன்னபடி பணம் வந்து சேரவில்லை என்றார்கள். ஒரு நூல் இழுபட்டதும் துணி முழுவதும் பிரிந்தது. அடுத்த மாதமே ஒரு பெண்கள் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், தமக்குப் புற்றுநோய் வந்ததே இல்லை என்று அந்த அம்மாள் ஒப்புக்கொண்டார்.

2017 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மத்தியக் கோர்ட்டு அவருக்கு 4,10,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தொகையில் ஒரு பகுதியின் விவரம் கவனிக்கத்தக்கது. மூளையில் கட்டி வந்து அவதிப்பட்ட ஒரு சின்னப் பையனின் குடும்பத்துக்கு உதவுவதாகச் சொல்லிச் செயலியை விற்றுவிட்டு, பணம் கொடுக்காமல் இருந்ததற்காக மட்டும் 1,50,000 டாலர். இல்லாத நோயைக் காட்டி, இருக்கிற நோயாளிக் குழந்தையின் பெயரால் வாணிபம்! அபராதமும் எளிதில் வந்து சேரவில்லை. வசூலிப்பதற்கு 2020-லும் 2021-லும் அதிகாரிகள் அவர் வீட்டுக்கே போக வேண்டியிருந்தது.

இதில் புத்தகம் வெளியிட்டவர்களின் பங்கையும் மறந்துவிடலாகாது. நோய்க்கு வைத்தியச் சான்று கேட்காமலே அவர்கள் அந்தப் புத்தகத்தைப் போட்டார்கள். பிற்பாடு 2016-இல் 30,000 டாலர் கொடுத்துவிட்டு, இனிமேல் இத்தகைய புத்தகங்களில் சான்றுகளைச் சரிபார்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள். ஒரு வைத்தியரின் கடிதத்தை முதலிலேயே கேட்டிருந்தால் அந்தப் புத்தகமே வந்திருக்காது.

சொந்தத் துயரம் போதவில்லை

இது இணையத்தால் வந்த வினை என்று மட்டும் சொல்லி ஒதுங்கிவிட முடியாது. இணையம் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பே, 1995-இல், ஜெர்மன் மொழியில் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் பெயர் பின்யமின் வில்கோமிர்ஸ்கி. நாஜிகள் யூதர்களை அடைத்துக் கொன்ற முகாம்களில், விவரம் அறியாத சிறு குழந்தையாக, தாம் பட்ட பாட்டை அதில் எழுதியிருந்தார். அநேக மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பரிசுகளும் பெற்றது அப்புத்தகம். 1998-இல் டானியல் கான்ஸ்ஃப்ரீட் என்ற எழுத்தாளர் அதன் குட்டை உடைத்தார். அவருடைய தந்தை நிஜமாகவே ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். பிறகு ஒரு சரித்திர ஆராய்ச்சியாளர் தஸ்தாவேஜுகளையெல்லாம் பார்த்து முடிவு சொன்னார்: புத்தகக்காரர் 1941-இல் ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவர், முகாம் எதிலும் அவர் இருந்ததில்லை. 1999-இல் பிரசுரகர்த்தர்கள் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இதிலும் ஒரு விசித்திரம். அமெரிக்காவில் ஒரு பெண்மணி, தானும் அதே முகாமில் இருந்த குழந்தையென்றும், சிறு வயதில் அவரைப் பார்த்தது ஞாபகம் இருப்பதாகவும் சொல்லி அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அம்மாளும் அந்த முகாமைக் கண்டவரல்ல. முன்பு வேறொரு பெயரில் வேறொரு பொய்ச் சரித்திரம் எழுதியவர்!

ஆனால் வில்கோமிர்ஸ்கி என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த மனிதருக்குச் சொந்தத் துயரம் இல்லாமல் இல்லை. கலியாணமாகாத ஏழைத் தாய்க்குப் பிறந்து, தாயைப் பிரிந்து, பிறர் வீட்டில் வளர்ந்து, பிறகு தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தை அவர். அதை உள்ளபடி எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் இரங்கியிருக்க மாட்டார்களா? அந்தச் சிறிய துயரம் அவருக்குப் போதவில்லை. அறுபது லட்சம் பேர் மாண்ட பெருந்துயரத்தில் பங்கு கேட்டார். அதன் பலன், அந்தப் படுகொலை நடக்கவே இல்லை என்று சாதிக்கும் கூட்டத்துக்கு, வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தாற்போல் ஆயிற்று. உயிர் தப்பி வந்த கிழவர்களும் கிழவிகளும் தங்கள் நிஜமான வாழ்க்கைக்குச் சாட்சி தேட வேண்டிய நிலையை, பொய்ச் சாட்சி ஒன்று உண்டாக்கிவிட்டது.

அடையாளங்கள்

இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பணம் ஒரு காரணம். ஆனால் எல்லாருக்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நோயாளி என்ற அந்தஸ்துக்காகவே நோயாளியாக நடிக்கிறவர்களை வைத்தியர்கள் நெடுநாளாக அறிவார்கள். 1951-இல் ரிச்சர்டு ஆஷர் என்ற ஆங்கில டாக்டர், புளுகுக்குப் பேர்போன ஜெர்மானியப் பிரபு ஒருவரின் பெயரால் இதற்கு 'மன்ச்சாசன் நோய்' என்று பெயர் சூட்டினார். இணையத்தில் இதே கூத்து நடப்பதை 2000-ஆம் ஆண்டில் மார்க் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்க மனநோய் வைத்தியர் எடுத்துக் காட்டி, இணைய மன்ச்சாசன் என்றார். பரிவுக்கு ஏங்குவதும், பிறரை ஆட்டிவைப்பதில் உள்ள ருசியும் அதற்குத் தூண்டுகோல்.

அவர் கண்ட அடையாளங்களை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. நோய் வர்ணனை வைத்தியப் புத்தகத்திலிருந்து பெயர்த்து எடுத்ததுபோல் இருக்கும். இன்று சாகக் கிடப்பார். நாளைக்கு அதிசயமாக எழுந்து உட்காருவார். மற்றொருவருடைய கஷ்டத்தை எல்லாரும் பேசத் தொடங்கினால், உடனே இவருக்குப் புதிதாக ஓர் ஆபத்து வந்துவிடும். நேரில் வரவோ தொலைபேசியில் பேசவோ கூப்பிட்டால் ஏதாவது தடை முளைக்கும். இவர் சார்பில் தாயாரோ தமக்கையோ எழுதுவார். அந்த எழுத்திலும் இவருடைய நடையும் பிழையும் அப்படியே இருக்கும். அமீனாவின் 'உறவுக்காரி'யை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

புனைபெயர் குற்றமா?

இப்படிச் சொன்னால், புனைபெயரில் எழுதுவதே தவறா என்று சிலர் கேட்கக்கூடும். ஒருக்காலும் இல்லை. ரங்கராஜன் என்ற எஞ்சினீயர் தம் மனைவியின் பெயரான 'சுஜாதா'வை வைத்துக்கொண்டு எழுதினார். மேரி ஆன் எவன்ஸ் என்ற ஆங்கில மாது 'ஜார்ஜ் எலியட்' என்ற ஆண் பெயரில் நாவல்கள் எழுதினார். இவர்கள் கதையைக் கதை என்றே சொல்லிக் கொடுத்தார்கள்; வாசகர்களும் கதை என்று அறிந்தே அழுதார்கள். கதையில் வரும் சீதைக்காக அழுகிறவன் ஏமாந்தவன் அல்ல. கதையை 'இது என் உடம்பில் நடந்தது' என்று சத்தியம் செய்து கொடுத்து, அந்தச் சத்தியத்தின் பேரில் இரக்கத்தை வசூல் செய்வதுதான் மோசடி.

கொடுங்கோல் ஆட்சியில் எழுதுகிறவர், கொடுமைக்கு ஆளான பெண், வெளியே சொல்லக் கூசும் நோயாளி இவர்களெல்லாம் பெயரை மறைத்துக்கொள்ள உரிமை உள்ளவர்கள். அவர்கள் பெயரை ஊர் அறிய வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய எழுத்தை வெளியிடுகிற பத்திரிகையிலோ பதிப்பகத்திலோ பொறுப்புள்ள ஒருவராவது அவர்களை நேரில் அறிந்திருக்க வேண்டும். 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று அச்சிடுகிறவருக்கு நிஜப் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு பத்திரிகை எழுதியதைப் பார்த்து இன்னொரு பத்திரிகை எழுதுவது விசாரணை ஆகாது. பத்துப் பேர் திருப்பிச் சொன்னாலும் ஒருவர் சொன்னது ஒன்றுதான்.

வாசகர்களுக்கும் கடமை உண்டு. உருக்கமான ஒன்றைப் படித்தவுடன் பத்துப் பேருக்கு அனுப்பும் கை ஒரு நாள் பொறுக்கலாம். பண உதவி செய்ய மனம் இருந்தால், முகந்தெரியாத கணக்குக்கு அனுப்புவதைவிட ஆஸ்பத்திரிக்கோ, கணக்குக் காட்டும் தர்ம ஸ்தாபனத்துக்கோ நேரே கட்டலாம். சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகக் கேட்கலாம். ஊர் கூட்டித் தூற்ற வேண்டியதில்லை. சந்தேகப்பட்டவர் உண்மையான நோயாளியாக இருந்துவிட்டால், அந்தத் தூற்றல் பொய்யரின் பொய்யைவிடக் கொடிய பாவம்.

இத்தனை மோசடிகளையும் கேட்டபின், 'இனி யார் அழுதாலும் எனக்கென்ன?' என்று கதவைச் சாத்திக்கொள்வது எளிது. அப்படிச் செய்தால், மோசக்காரர்கள் தொடங்கி வைத்த காரியத்தை நல்லவர்களே முடித்து வைத்ததாகும். வாசலில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் உண்மையான துன்பத்தோடு வந்தவர்கள். அவர்களுடைய பங்கு வேறொருவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் விசாரிக்கச் சொல்வது. இரக்கம் உள்ளவர்களுக்குத்தான் அந்த அக்கறை இருக்கும்.